ஆறு வயதுவரை யார் பொறுப்பு? ஆட்டிசக் குழந்தைகளும் அடையாறின் மழலையர் பள்ளிகளும்

விஜயதசமி நெருங்கினால் அடையாறு, பெசன்ட் நகர், இந்திரா நகர்ப் பக்கம் மழலையர் பள்ளிகளின் வாசலில் சேர்க்கை அறிவிப்புகள் தொங்கத் தொடங்கிவிடும். இரண்டரை வயதுக் குழந்தையை வைத்திருக்கும் பெற்றோர் கட்டணம், தூரம், கழிப்பறைச் சுத்தம், பின்னால் எந்தப் பெரிய பள்ளியில் எல்கேஜி கிடைக்கும் என்பதையெல்லாம் விசாரிப்பார்கள். குழந்தைக்கு ஆட்டிசம் என்று தெரிந்துவிட்ட வீட்டில் இந்தக் கேள்விகள் உதிர்ந்துபோய் ஒன்றே மிஞ்சும்: சேர்த்துக்கொள்வார்களா? மறுப்பை எதிர்பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தக் கேள்வி இயல்பானதுதான். ஆனால் சேர்க்கை என்பது ஒரு நாள் காரியம். அதற்குப் பின் வரும் இருநூறு வேலை நாள்களில் அந்த அறையிலுள்ள பெரியவர்கள் குழந்தையோடு என்ன செய்கிறார்கள் என்பதுதான் அதன் மூன்று, நான்கு, ஐந்து வயதுகளைத் தீர்மானிக்கிறது. பள்ளியின் பெயரும் கல்விமுறையும், அது சிறப்புப் பள்ளியா பொதுப் பள்ளியா என்ற வகைப்பாடும் அதற்கு அடுத்தபடிதான். கிடைத்திருக்கும் ஆய்வுகள் இதைத்தான் சொல்கின்றன. இதை ஏற்றுக்கொண்டால் பெற்றோரின் தேடலும் அரசின் கடமையும் இரண்டுமே வேறு வடிவம் பெறுகின்றன.

ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் அமையும் ஒரு வேறுபாடு. மூன்று வயதில் அது பல விதமாகத் தெரியலாம். பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை திரும்பாது. வேண்டிய பொருளைச் சுட்டிக்காட்டாமல் அம்மாவின் கையைப் பிடித்து அதனிடம் இழுத்துப்போகும். கேட்ட வாக்கியத்தையே திரும்பச் சொல்லும். மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொள்ளும். வழக்கமான பாதையில் ஆட்டோ திரும்பாவிட்டால் துடித்துப்போகும். எல்லாக் குழந்தைகளிடமும் எல்லாம் இருப்பதில்லை. இந்தியாவின் ஐந்து பகுதிகளில் 2 முதல் 9 வயதுவரையான குழந்தைகளிடம் நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகளைக் கணக்கிட்டு 2018இல் ‘பிளாஸ் மெடிசின்’ இதழில் வெளியான ஆய்வின்படி, ஏறத்தாழ நூறு குழந்தைகளில் ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கிறது. இந்த விகிதத்தைத் தெருவுக்கு இறக்கிப் பார்த்தால், ஆண்டுக்கு ஐம்பது குழந்தைகள் புதிதாகச் சேரும் பள்ளியில் சராசரியாக இரண்டாண்டுக்கு ஒரு முறை இப்படியொரு குழந்தை வந்தாக வேண்டும். “எங்களிடம் அப்படிப்பட்ட குழந்தைகள் யாரும் இல்லை” என்று ஒரு பள்ளி பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தால், அந்தக் குழந்தை அடையாளம் காணப்படாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது அல்லது சத்தமில்லாமல் வெளியேறிவிட்டது என்று கொள்வதே பொருத்தம்.

அடையாளம் காணப்படாமல் இருப்பதற்கும் காரணம் உண்டு. இந்திய நகரங்களில் 95 குடும்பங்களை ஆராய்ந்து தமாரா டேலி 2004இல் வெளியிட்ட கட்டுரை, பெற்றோர் முதலில் கவலைப்படும் நாளுக்கும் ஆட்டிசம் என்ற முடிவு கிடைக்கும் நாளுக்கும் இடையிலுள்ள நீண்ட தாமதத்தைப் பேசுகிறது. ஆண் பிள்ளைகள் லேட்டாகத்தான் பேசுவார்கள், அவனுடைய அப்பாவும் மூன்று வயதில்தான் வாய் திறந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். சில நேரம் மருத்துவரும் ஆமோதிப்பார். தனிக்குடும்பத்தின் ஒற்றைக் குழந்தையை ஒப்பிட்டுப் பார்க்க வீட்டில் வேறு குழந்தை இல்லை. ஒரே வயதுக் குழந்தைகள் பதினைந்து பேரை ஒருசேரக் காணும் முதல் பெரியவர் மழலையர் பள்ளி ஆசிரியர்தான். ஆகவே அந்தப் பள்ளி, முடிவு தெரிந்தபின் தேடிப்போகும் இடமாக மட்டுமில்லாமல் முடிவுக்கு இட்டுச்செல்லும் முதல் படியாகவும் இருக்கிறது. அந்த ஆசிரியருக்கு இதுபற்றி ஒன்றும் சொல்லித்தராமல் விட்டால் அந்தப் படி வீணாகிறது.

அடையாறில் இந்த விஷயத்தைப் பேசும்போது மாண்டிசோரி முறையைத் தவிர்க்க முடியாது. தியாசாபிகல் சொசைட்டியின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பின்பேரில் மரியா மாண்டிசோரி 1939 நவம்பரில் சென்னை வந்தார். அடையாறில் அவர் நடத்திய முதல் பயிற்சியில் நாடெங்கிலுமிருந்து சுமார் 300 பேர் கலந்துகொண்டார்கள். சில மாதங்களே தங்குவதாக வந்தவருக்கு, உலகப் போரில் இத்தாலியும் இறங்கி எதிரி நாடாகிவிட்டதால் 1946வரை இந்தியாவிலேயே இருக்க நேர்ந்தது. இன்று இந்தப் பகுதியில் பல மழலையர் பள்ளிகள் தங்கள் பெயர்ப்பலகையில் மாண்டிசோரி என்று எழுதிக்கொள்வதற்கு இந்த வரலாறும் ஒரு பின்புலம். ஆனால் அந்த முறையின் பிறப்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மாண்டிசோரி தன் பணியைத் தொடங்கியது ரோமில், மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று பள்ளிகள் கைவிட்ட குழந்தைகளிடையே. அவர் பயன்படுத்திய கற்றல் கருவிகளின் மூலம் எதுவார் செகேன், அவருக்கும் முன்னோடியான ழான் இதார் ஆகிய பிரெஞ்சு மருத்துவர்களிடம் இருந்தது. இதார் 1800களின் தொடக்கத்தில் வளர்த்துப் பயிற்றுவித்த ‘காட்டுச் சிறுவன்’ விக்டருக்கு ஆட்டிசம் இருந்திருக்க வேண்டும் என்று உளவியலாளர் உத்தா ஃப்ரித் வாதிட்டிருக்கிறார். ரோமின் சான் லொரென்சோவில் ‘குழந்தைகள் இல்லம்’ 1907இல் திறக்கப்பட்டபோதுதான் இந்தக் கருவிகள் மற்றக் குழந்தைகளின் கைக்கு வந்தன. எந்தக் குழந்தைகளுக்காக அந்தப் பொருள்கள் உருவாயினவோ அவர்களை “எங்கள் முறைக்கு ஒத்துவரமாட்டார்கள்” என்று ஒரு மாண்டிசோரி பள்ளி திருப்பி அனுப்பினால், அதற்கு அந்த முறையின் வரலாற்றில் ஆதாரம் இல்லை.

அதற்காக மாண்டிசோரி என்ற பெயரைப் பார்த்துச் சேர்த்துவிடலாம் என்று பொருளில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம், குறைந்த சத்தம், அவரவர் வேகத்தில் வேலை, இரண்டரை முதல் ஆறு வயதுவரை கலந்த வகுப்பு என்று அந்த அறையில் உள்ள பலவும் ஆட்டிசக் குழந்தைக்கு உகந்தவை. ஆனால் அதே அறையில் குழந்தை ஒரே உருளைக் கட்டைகளை நாள் முழுக்க அடுக்கிக் கலைத்துக்கொண்டு, யாருடனும் ஒரு பார்வைகூடப் பரிமாறாமல் ஓர் ஆண்டைக் கழித்துவிட முடியும். குழந்தையின் வேலையில் குறுக்கிடக் கூடாது என்ற நெறியை ஆசிரியர் எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால், மற்றக் குழந்தைக்குச் சுதந்திரமாக இருப்பது இந்தக் குழந்தைக்குத் தனிமையாகிவிடும். பாட்டும் ஆட்டமும் நிறைந்த சாதாரண ப்ளே ஸ்கூலில் இதற்கு நேர்மாறான சிக்கல்: ஒலிபெருக்கியும் நெரிசலும் குழந்தையைத் திணறடிக்கும். ஆனால் கூடச் சேர்ந்து ஆட அங்கே ஆள் உண்டு. இரண்டு இடங்களிலும் எஞ்சுவது ஒரே கேள்விதான்: பெரியவர் எப்போது உள்ளே வருகிறார், எப்படி வருகிறார்?

இந்தக் கேள்வியின் முக்கியத்துவத்தை மூன்று ஆய்வுகள் மூன்று பக்கத்திலிருந்து காட்டுகின்றன. முதலாவது ஆஸ்திரேலியாவில் நடந்தது. ஜகோமோ விவான்டியும் சக ஆய்வாளர்களும் ஆட்டிசமுள்ள 44 குழந்தைகளில் ஒரு பாதியைப் பொதுக் குழந்தைகள் படிக்கும் வகுப்பிலும் மறு பாதியை ஆட்டிசக் குழந்தைகளுக்கே உரிய வகுப்பிலும் குலுக்கல் முறையில் சேர்த்து, இரண்டிலும் ஒரே பயிற்சிமுறையைக் கையாண்டார்கள். 2019இல் வெளியான முடிவில் இரு தரப்பின் முன்னேற்றத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இடம் மாறினாலும் முறை மாறாவிட்டால் பலன் மாறவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் சிறப்புப் பள்ளியா பொதுப் பள்ளியா என்று பெற்றோர் படும் அலைக்கழிப்பை அது ஓரளவு தணிக்கிறது. இரண்டாவது, அமெரிக்காவில் பிலிப் ஸ்ட்ரெய்னும் எட்வர்ட் போவியும் 2011இல் வெளியிட்ட ‘லீப்’ திட்ட ஆய்வு. ஐம்பதுக்கும் மேற்பட்ட பொது மழலையர் வகுப்புகள், ஏறக்குறைய 300 ஆட்டிசக் குழந்தைகள். ஒரு பகுதி வகுப்புகளின் ஆசிரியர்களுக்கு இரண்டாண்டுகள் வகுப்பறையிலேயே பயிற்சியும் வழிகாட்டுதலும் தரப்பட்டன. மறு பகுதிக்குக் கையேடுகளும் பாடப்பொருள்களும் மட்டும். பயிற்சி பெற்ற வகுப்புகளின் குழந்தைகள் மொழியிலும் அறிதிறனிலும் பிறரோடு பழகுவதிலும் தெளிவாக முந்தினார்கள். கையேடு மட்டும் பெற்ற ஆசிரியர்களால் அந்த முறையை அரைகுறையாகவே செயல்படுத்த முடிந்தது. சுற்றறிக்கையும் ஒரு நாள் பயிலரங்கும் ஏன் பயன்படுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மூன்றாவது ஆய்வு நம் மண்ணுக்கு நெருக்கமானது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 2 முதல் 9 வயதுவரையான 65 ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோருக்கு, சிறப்பு வல்லுநர்கள் அல்லாத களப்பணியாளர்களே பயிற்சி பெற்று வழிகாட்டினார்கள். குழந்தையின் சிறு சைகைக்கும் ஒலிக்கும் காத்திருந்து அதற்கு இசைவாகப் பதிலளிப்பது எப்படி என்பதே பாடம். 2016இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் வந்த முடிவின்படி, பெற்றோரின் இசைவான பதில்களும் குழந்தை தானாகப் பேச்சைத் தொடங்கும் முயற்சிகளும் கூடின. எல்லா அளவுகோலிலும் முன்னேற்றம் வரவில்லை. இருவரும் ஒரே பொருளில் கவனத்தைப் பகிர்ந்துகொள்ளும் நேரம் குறைந்தது. இருந்தாலும் ஒரு செய்தி அசைக்க முடியாதது: பட்டம் பெற்ற வல்லுநர் கைக்கு எட்டாத ஊரிலும், தொடர்ந்து மேற்பார்வை கிடைத்தால் சாதாரணப் பணியாளர் இந்தத் திறனைக் கற்று இன்னொருவருக்குக் கற்றுத்தரவும் முடியும். பெற்றோரும் களப்பணியாளரும் கற்கும் ஒன்றை, மழலையர் பள்ளி ஆசிரியரும் ஆயாவும் கற்க முடியாது என்பதற்குக் காரணம் ஏதுமில்லை.

அப்படியானால் பெற்றோர் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? அலுவலக அறையில் கிடைக்கும் உறுதிமொழியைவிட வகுப்பறையில் ஒரு காலைப்பொழுது காண்பது பெரிது. அன்றைய வேலைகளின் வரிசை படங்களாகச் சுவரில் குழந்தையின் கண்ணுயரத்தில் இருக்கிறதா? மணியடித்து அடுத்த வேலைக்கு மாறும்முன் முன்கூட்டிச் சொல்கிறார்களா? சத்தம் தாளாத குழந்தை ஒதுங்க ஒரு மூலை உண்டா; அந்த மூலை ஓய்வுக்கா, தண்டனைக்கா? பேச்சு வராத குழந்தை தண்ணீர் வேண்டுமென்றால் எப்படிக் கேட்கிறது, அதற்கு யார் காத்திருக்கிறார்கள்? டிபன் டப்பாவில் தினமும் தயிர்சாதம் மட்டுமே வந்தால் அதை ஏற்கிறார்களா, காய்கறி தின்றே ஆக வேண்டும் என்கிறார்களா? கழிப்பறைப் பழக்கம் வந்த பிறகு கொண்டுவாருங்கள் என்கிறார்களா, நாங்களும் சேர்ந்து பழக்குகிறோம் என்கிறார்களா? குழந்தை தரையில் விழுந்து அலறும்போது முதலில் போய் அருகில் அமர்பவர் பெரும்பாலும் ஆயாதான். அவருக்கு யாராவது எதையாவது சொல்லித்தந்திருக்கிறார்களா? மற்றக் குழந்தைகளுக்கு, இவனிடம் பொம்மையை நீட்டிவிட்டுச் சற்றுக் காத்திரு என்று சொல்லித்தருகிறார்களா? இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செலவு இல்லை. எனவே அவை இல்லாத இடத்தில் குறை பணத்தில் இருக்க வாய்ப்பில்லை.

மொழியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் தமிழ், பாட்டியிடம் தெலுங்கு அல்லது மலையாளம் என்று வளரும் சென்னைக் குழந்தைக்கு ஆட்டிசம் என்றால், வீட்டிலும் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்ற அறிவுரை வெகு எளிதாக வந்துவிடுகிறது. கனடாவில் கேத்தரின் ஹாம்ப்ளியும் எரிக் ஃபோம்போனும் 75 ஆட்டிசக் குழந்தைகளிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், இருமொழிச் சூழலில் வளர்ந்தவர்களுக்குக் கூடுதல் மொழித் தாமதம் எதுவும் தென்படவில்லை. பெற்றோர் தமக்கு இயல்பாக வராத மொழியில் தயங்கித் தயங்கிப் பேசும்போது கொஞ்சலும் கேலியும் தாலாட்டும் முதலில் போய்விடுகின்றன. ஆட்டிசக் குழந்தைக்கு மிகவும் தேவைப்படுவது அந்த இசைவான பேச்சுதான். தமிழை நிறுத்தச் சொல்லாத பள்ளி, இந்த வகையில் ஒரு படி மேலானது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். வலுவானது முதலாவது: இந்தப் பகுதியிலேயே தேர்ந்த சிறப்பு நிறுவனங்கள் இருக்கும்போது பொது மழலையர் பள்ளியை ஏன் வற்புறுத்த வேண்டும்? பூனம் நடராஜன் 1985இல் தொடங்கிய வித்யா சாகர் கோட்டூர்புரத்தில் இருக்கிறது. வசுதா பிரகாஷ் 2001இல் நிறுவிய வி-எக்செல் கல்வி அறக்கட்டளையும் தொலைவில் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. சில குழந்தைகளுக்கு, சில காலத்துக்கு, இத்தகைய இடங்களே சரி. அதைப் பெற்றோரின் தோல்வியாகக் கருதத் தேவையில்லை. ஆனால் நூற்றுக்கு ஒரு குழந்தை என்ற கணக்குக்கு இந்த நிறுவனங்களின் இடங்கள் ஒருபோதும் போதா. அங்கே சேர்ந்த திறமை தெருமுனைப் பள்ளிகளுக்குப் பாய்வதே சிக்கனமான வழி. லீப் ஆய்வு காட்டும் இரண்டாண்டு வழிகாட்டுதலைத் தரக்கூடியவர்கள் இந்த நிறுவனங்களில்தான் இருக்கிறார்கள்.

இரண்டாவது மறுப்பை வெளிப்படையாகச் சொல்ல மற்றப் பெற்றோர் தயங்குவார்கள்: எங்கள் குழந்தையின் படிப்பு கெடாதா? க்ரெகோஷ் ஷும்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் 47 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியிட்ட பகுப்பாய்வு, உள்ளடங்கிய வகுப்புகளில் மற்ற மாணவரின் கல்வித் தேர்ச்சி குறையவில்லை, மிகச் சிறிய அளவில் கூடவே செய்தது என்கிறது. அவை பள்ளி மாணவரைப் பற்றியவை; மழலையருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் மூன்று வயதில் கெட்டுப்போகப் பாடத்திட்டமும் பெரிதாக இல்லை. முறை வந்து பொறுத்திருப்பதும் பேசாதவன் கருத்தை ஊகித்தறிவதும்தான் அந்த வயதின் பாடம்.

மூன்றாவது, மறுப்பு என்பதைவிடப் பள்ளிகள் கண்டுபிடித்த சமரசம்: குழந்தையோடு கூடவே இருக்கும் தனி உதவியாளரை, அதாவது ஷேடோ டீச்சரை, நீங்களே ஏற்பாடு செய்து சம்பளமும் கொடுங்கள், சேர்த்துக்கொள்கிறோம். தொடக்கத்தில் சில குழந்தைகளுக்கு இது உதவும். ஆனால் மைக்கேல் ஜான்ஜிரெகோவும் சக ஆய்வாளர்களும் அமெரிக்கப் பள்ளிகளை நோக்கி 1997இலேயே எச்சரித்தார்கள்: தனி உதவியாளர் எந்நேரமும் ஒட்டியிருந்தால் வகுப்பாசிரியர் அந்தக் குழந்தையைத் தன் பொறுப்பாகக் கருதுவதை நிறுத்திவிடுகிறார், சக குழந்தைகள் நெருங்க முடியாமல் போகிறது, குழந்தை அந்த ஒருவரையே சார்ந்துவிடுகிறது. சேர்ந்து பழகவே பொதுப் பள்ளிக்கு வந்த குழந்தைக்கு இது நோக்கத்தையே முறியடிக்கும். கட்டணத்துக்கு மேல் இன்னொரு சம்பளமும் கொடுக்க முடிந்தவருக்கு மட்டுமே கதவு திறக்கும் என்ற அநீதி தனி. ஷேடோ டீச்சர் தேவைப்பட்டால், அவர் எப்போது விலகுவார் என்ற திட்டமும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

இத்தனை சுமையும் ஏன் குடும்பத்தின் தலையில் விழுகிறது என்பதற்குச் சட்டத்தில் விடை இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைப் பெயர் சொல்லி ஏற்றது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்தது. அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு பாகுபாடின்றிச் சேர்க்கவும் தேவையான வசதிகளைச் செய்யவும் கட்டளையிடுகிறது; ஆனால் அரசு நிதி அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களுக்கே அது பொருந்தும். 31ஆம் பிரிவு தரும் இலவசக் கல்வி உரிமை ஆறு வயதில் தொடங்குகிறது, அதுவும் 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்புள்ளோருக்கு. 2009இன் கல்வி உரிமைச் சட்டமும் ஆறு முதல் பதினான்குவரைதான். தனியார் பள்ளிகளின் 25 சதவீத இடங்களில் 2012 திருத்தத்துக்குப் பின் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கும் பங்கு உண்டு. மழலையர் வகுப்பும் நடத்தும் பள்ளியாக இருந்தால் அங்கிருந்தே அது தொடங்கும். ஒரு தனி வீட்டில் நடக்கும் ப்ளே ஸ்கூல் இந்த வலையில் சிக்குவதில்லை. மூன்று முதல் ஆறு வயதுக்கு உட்பட்டோரின் முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்று மட்டுமே கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு சொல்கிறது. தலையீடு அதிகம் பயன்தரும் வயதில் சட்டம் ‘செய்யலாம்’ என்கிறது. ஆறு வயதுக்குப் பிறகுதான் ‘செய்ய வேண்டும்’ என்கிறது.

இந்த இடைவெளியை நிரப்பும் கருவி அரசின் கையில் ஏற்கெனவே உள்ளது. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் சென்னையின் குப்பங்களிலும் குடியிருப்புகளிலும் நிறைந்திருக்கின்றன. மாற்றுத்திறன் குழந்தைகளை அங்கே கண்டறிந்து சேர்ப்பதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2023 நவம்பரில் வெளியிட்டது. நெறிகளை அச்சிடுவதோடு நின்றால், கையேடு மட்டும் பெற்ற வகுப்புகளின் கதைதான் இங்கும் நடக்கும். ஒரு வட்டாரத்தின் பத்துப் பன்னிரண்டு அங்கன்வாடிகளுக்கும் மழலையர் பள்ளிகளுக்கும் சேர்த்து ஒரு சிறப்புக் கல்வியாளரை அமர்த்தி, வாரம் ஒரு நாள் வகுப்பிலேயே உட்கார்ந்து ஆசிரியருக்கும் ஆயாவுக்கும் வழிகாட்டச் செய்யலாம். தனியார் ப்ளே ஸ்கூல்களின் அனுமதியைப் புதுப்பிக்கும்போது இந்தப் பயிற்சியை ஒரு நிபந்தனையாக்கலாம். ஆசிரியருக்குச் சம்பளம் குறைவு, ஆண்டுக்கு ஆண்டு ஆள் மாறுகிறார், பயிற்சி வீணாகும் என்பார்கள். உண்மைதான், அதனால்தான் பயிற்சியை ஆளுக்குத் தராமல் வட்டாரத்துக்குத் தர வேண்டும். ஒருவர் பள்ளி மாறினாலும் பெரும்பாலும் அதே வட்டாரத்தில்தான் அடுத்த வேலைக்குப் போவார்.

அதுவரை தேடும் பெற்றோர் என்ன செய்வது? எல்லாம் தெரியும் என்று சொல்லும் பள்ளியைவிட, தெரியாததை ஒப்புக்கொண்டு குழந்தையின் தெரபிஸ்டை வகுப்புக்குள் வரவிடும் பள்ளி நம்பத் தகுந்தது. சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்பதோடு, சேர்ந்த பிறகு குழந்தை உட்கார மறுத்தால் முதல் மாதம் என்ன செய்வீர்கள் என்றும் கேட்க வேண்டும். இதைக் கேட்கப் பெற்றோருக்கு இன்று துணிச்சல் தேவைப்படுகிறது. மறுத்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் பலர் ஆட்டிசம் என்ற சொல்லையே மறைத்துச் சேர்க்கிறார்கள். மறைத்துச் சேர்ந்த குழந்தைக்கு எந்த ஆசிரியராலும் திட்டமிட்டு உதவ முடியாது. அந்த அச்சத்தைப் போக்கும் வேலை பெற்றோருடையது அன்று. ஆறு வயதில் தொடங்கும் உரிமையை மூன்று வயதுக்கு இறக்கி, அதை நிறைவேற்றும் ஆசிரியரையும் ஆயாவையும் பயிற்றுவிக்க வேண்டியது அரசு.